கீரையில் தொடங்கிய ராஜா கதை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலக்கெட்டில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். விடிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, போகவேண்டும் என்பதால் லயத்து வீடுகளில் சீக்கிரமே விளக்கணைத்து விடுவார்கள். இருட்டில் பாட்டி சொல்லும் கதைகளில் ஒன்று, பக்கத்துக் கம்பத்து மலாய்க்கார அம்மாவிடம் அவர் கேட்டு வந்தது. ராஜா பெர்சியோங், அதாவது கோரைப்பல் ராஜா.

அரண்மனைச் சமையற்காரி கீரை நறுக்கையில் விரலை வெட்டிக்கொள்கிறாள். ரத்தம் குழம்பில் சொட்டிவிடுகிறது. பயந்து பயந்து பரிமாறுகிறாள். ராஜாவுக்கோ ருசி பிடித்துப்போகிறது. மிரட்டி உண்மையைக் கறந்துவிடுகிறான். முதலில் மரண தண்டனைக் கைதிகள், அவர்கள் தீர்ந்ததும் குற்றமறியாத குடிகள். கோரைப்பல் முளைக்கிறது. ஊரே திரண்டு துரத்த, ஓடும் வழியில் பல்லைப் பிடுங்கி எறிகிறான். மலாயில் பாலிங் என்றால் எறிவது. பாலிங் ஊருக்குப் பேர் வந்தது அப்படித்தானாம்.

இந்தக் கதையின் கெட்டிக்காரத்தனம் கீரையில் இருக்கிறது. இந்த ராஜாவும் வரும், கெடா அரச மரபைச் சொல்லும் ‘ஹிகாயாட் மெரோங் மஹாவங்சா’வில் கருடன் பறக்கிறது, யானை அரசனைத் தேடிப் பிடிக்கிறது. கரிகாலனைக் கொண்டுவந்த யானையை அறிந்த நமக்கு அதெல்லாம் புதிதில்லை. அடுப்படியில் அறுபட்ட விரல்தான் புதிது. எளிய தொழிலாளி இல்லாமல் நகராத ராஜா கதை வேறிடத்திலும் உண்டு: மேற்கு ஆப்பிரிக்க இக்போ மக்களின் ஆதித்தலைவன் எரி வானத்திலிருந்து இறங்கினானாம். சகதியாய்க் கிடந்த நிலத்தை ஒரு கொல்லன் துருத்தி ஊதிக் காயவைத்த பிறகே அவனால் கால் ஊன்ற முடிந்ததாம். அங்கே கொல்லன், இங்கே சமையற்காரி. ஆனால் 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரம் (இன்றைய கெடா) கொண்டதைப் பாடும் மெய்க்கீர்த்தியில் கடாரத்து அரசன் பெயர் உண்டு, யானைகள் உண்டு, பொற்குவியல் உண்டு. சமைத்தவளுக்கு இடமில்லை.

கெடா அரச குடும்பத்தில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான், மலேசியப் பிரதமராக இருந்தபோதே ராஜா பெர்சியோங்கைச் சினிமாவுக்குக் கதையாக எழுதிக் கொடுத்தார். 1968-இல் படம் வந்தது. தன் வம்சத்துப் பழியைத் தானே திரைக்குக் கொடுத்த துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். ஆனாலும் நான் பாட்டி கட்சி. பால்வெட்டுக் கத்தி பட்டுக் கிழிந்த விரல் அவருடையது. சமையற்காரி கட்டம் வந்ததும் அந்த விரலை இருட்டில் நீட்டுவார். தழும்பை நாங்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ராஜா சாப்பிட உட்காருவான்.