ஏவா கார்ட்னர் ஊரில் ஓர் அருங்காட்சியகம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"சார், அமெரிக்கா போயிட்டு வந்திருக்கீங்க. பத்து நிமிஷம் அதைப் பத்திப் பேசுங்க" என்றார் நம் செயலாளர். நயாகராவைப் பற்றிப் பேசலாம். ஆனால் உங்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் அங்கேதான். என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் நீங்கள். அதனால் யாரும் அதிகம் போகாத ஒரு சின்ன ஊரைப் பற்றிச் சொல்கிறேன். பின்னால் சாம்பார் கொதிக்கும் வாசனை எனக்கும் வருகிறது. சுருக்கமாகவே சொல்வேன்.

என் மகன் வட கரோலினா மாநிலத்தில் ராலே நகரில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் ஸ்மித்ஃபீல்டு என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 11,000. நம் பக்கத்துப் பேரூராட்சி அளவுதான். கடைத்தெருவின் பெயரே மார்க்கெட் தெரு. அந்தத் தெருவில் ஒரு நடிகைக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. ஏவா கார்ட்னர்!

பெயரைக் கேட்டதும் 1971 செட்டில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் இங்கிலீஷ் படம் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு வாரம் 'மொகாம்போ' வந்தது. இந்திப் பட வில்லன் அல்ல. 1953-ல் ஜான் ஃபோர்டு எடுத்த படம். கிளார்க் கேபிளும் கிரேஸ் கெல்லியும் இருந்தும் என் கண் ஏவா கார்ட்னரை விட்டு நகரவில்லை. அந்தப் படத்துக்காக அவர் பெயர் ஆஸ்கார் விருதுக்கும் பரிந்துரையானது. வசனம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஹாஸ்டலுக்குத் திரும்பி, புரிந்த மாதிரி விவாதம் செய்தோம்.

அன்று என்னோடு வந்தவன் என் அறைத் தோழன். அவனை நாம் எல்லோரும் 'நோட்டீஸ்' என்றுதான் கூப்பிடுவோம். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, சினிமா நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். நாம் படித்துவிட்டுக் கசக்கிப் போடுவோம். அவன் பொறுக்கி, நீவி, டிரங்குப் பெட்டியில் வைப்பான். 'மொகாம்போ'வின் பாதி டிக்கெட்டையும் நோட்டில் ஒட்டி, தேதி எழுதி வைத்தான். நான் சிரித்தேன். அவனிடம் மறுபடி வருகிறேன்.

ஏவா பிறந்தது 1922-ல், ஸ்மித்ஃபீல்டுக்கு அருகே கிராப்டவுன் என்ற குக்கிராமத்தில். அப்பா புகையிலை விவசாயி. ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. அம்மா, பள்ளிக்கூட ஆசிரியைகள் தங்கும் விடுதி ஒன்றில் சமைத்துப் போட்டுக் குடும்பத்தைக் காத்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஏவா பக்கத்து ஊரான வில்சனில் இருந்த அட்லாண்டிக் கிறிஸ்டியன் கல்லூரியில் செகரட்டரி வேலைக்கான படிப்பில் சேர்ந்தார். படித்தது சுமார் ஓராண்டு.

நியூயார்க்கில் அக்காள் கணவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் எடுத்த ஏவாவின் படத்தைக் கடைக் கண்ணாடியில் மாட்டினார். அந்தப் படம்தான் வழி திறந்தது. 1941-ல் எம்.ஜி.எம். கம்பெனி ஒப்பந்தம் போட்டது. அவருடைய கிராமத்துப் பேச்சை மாற்றக் கம்பெனி வாத்தியார் வைத்ததாம். நாம் பி.யு.சி.யில் சேர்ந்தபோது பேசிய இங்கிலீஷை நினைத்துக்கொண்டேன். நமக்கு யாரும் வாத்தியார் வைக்கவில்லை!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல, சினிமா கம்பெனி அல்ல, ரசிகர் மன்றமும் அல்ல. டாம் பேங்க்ஸ் என்ற 12 வயதுப் பையன்.

1939. வில்சன் ஊர்ப் பையன்கள் அந்தக் கல்லூரி வளாகத்தில் விளையாடப் போவார்கள், மாணவிகளைக் கேலி செய்வார்கள். ஒரு நாள் ஒரு மாணவி துரத்தி வந்து, டாமைப் பிடித்து, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் கதை. அடுத்த ஆண்டு அந்தப் பெண் கல்லூரியில் இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் பத்திரிகையில் படம் வருகிறது. அட, நம்மைத் துரத்திய அக்கா ஹாலிவுட்டில்! அன்று கத்தரிக்கத் தொடங்கியவர் சுமார் 50 ஆண்டுகள் நிறுத்தவில்லை. பெரியவராகி உளவியல் நிபுணர் ஆனார், கல்யாணம் செய்துகொண்டார். மனைவி லோரைனும் கூடவே சேகரித்தார். நம் வீட்டில் நடக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

1980-களின் தொடக்கத்தில், ஏவா சிறுமியாக வளர்ந்த அந்த ஆசிரியைகள் விடுதியையே டாம் விலைக்கு வாங்கினார். கோடைக்காலங்களில் அங்கே தம் சேகரிப்பைக் காட்சிக்கு வைத்தார். 1989-ல் இறந்தார். சில மாதங்களில், 1990 ஜனவரியில், ஏவாவும் லண்டனில் காலமானார். உலகமெல்லாம் சுற்றியவரை ஸ்மித்ஃபீல்டுக்குக் கொண்டுவந்து குடும்பத்தார் பக்கத்தில்தான் அடக்கம் செய்தார்கள்.

இங்கேதான் நண்பர்களே, கவனிக்க வேண்டும். டாம் இல்லை, ஏவாவும் இல்லை. வீடு நிறையச் சுவரொட்டி, ஆடை, புகைப்படம். லோரைன் அம்மாள் என்ன செய்தார்? ஏலம் விட்டிருக்கலாம். ஸ்மித்ஃபீல்டு ஊருக்கே அத்தனையும் கொடுத்தார். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. நிரந்தரமாக அருங்காட்சியகம் வைப்போம் என்று உறுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார். ஊரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. 2000-லிருந்து மார்க்கெட் தெருக் கட்டடத்தில் நடக்கிறது.

உள்ளே அந்த ஆடைகளையும் சுவரொட்டிகளையும் பார்த்துக்கொண்டே வந்தேன். பெர்ட் ஃபைஃபர் என்ற டச்சு ஓவியர் ஆண்டுதோறும் வரைந்த ஏவாவின் ஓவியங்களும் இருக்கின்றன. 'பவானி ஜங்ஷன்' கூட நினைவுக்கு வந்தது. 1956-ல் வந்த படம். கதை இந்திய ரயில்வே ஊரில். நாயகி ஆங்கிலோ இந்தியப் பெண். ஆனால் படம் பிடித்தது பாகிஸ்தான் லாகூரில். பிறகு 'மொகாம்போ' பக்கம் வந்தேன். கால் நகரவில்லை. மகன், "என்னப்பா, முட்டி வலிக்குதா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வலி முட்டியில் இல்லை. நம் 'நோட்டீஸ்' பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்று, 2009-ல் இறந்துபோனான். உங்களில் பலர் துக்கத்துக்கு வந்தீர்கள். மூன்று மாதம் கழித்து அவன் மனைவி போன் செய்தார். "அண்ணா, இவர் பெட்டி ரெண்டு இருக்கு. வீடு காலி பண்றோம். உங்களுக்கு வேணுமா?" "வேணும்மா, அடுத்த மாசம் வர்றேன்" என்றேன். பேத்தி காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளை அடிப்பு என்று நான்கு மாதம் ஓடிவிட்டது. போய்க் கேட்டேன். "எடைக்குப் போட்டுட்டோம்ணா. புது வீட்ல இடமில்லை. உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணினேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை.

அந்தப் பெட்டியில் சினிமா நோட்டீஸ் மட்டுமா இருந்தது? நம் கல்லூரி நாடக அழைப்பிதழ் இருந்தது. ஹாஸ்டல் மெஸ் கணக்கு இருந்தது. நாம் ஸ்டிரைக் செய்தபோது அடித்த துண்டுப் பிரசுரம் இருந்தது. இன்று நம்மிடம் ஒன்றுகூட இல்லை. வெள்ளமும் தீயும் கொண்டுபோகவில்லை. "அடுத்த மாசம்" கொண்டுபோனது.

சேர்த்து வைப்பவன் ஊருக்கு ஒருவன் இருப்பான். அவனுக்குப் பிறகு நீட்டும் கையும், வாங்கிக்கொள்ளும் கையும் வேண்டும். டாமுக்கு லோரைன் இருந்தார், லோரைனுக்கு ஓர் ஊர் இருந்தது. என் நண்பனுக்கும் நீட்டும் கை இருந்தது. வாங்க வேண்டிய கை என்னுடையது. நான்தான் நீட்டவில்லை.

முதல்வர் அவர்களிடம் பணிவான வேண்டுகோள். நூலகத்தில் ஓர் அறை வேண்டாம், இரண்டு பீரோ கொடுங்கள். என்ன வந்தது, யார் கொடுத்தது என்று ஒரு பதிவேடு. பொறுப்புக்கு ஓர் ஆள். எழுத்தில் ஓர் உறுதி. பீரோ செலவு என்னுடையது. வாரம் ஒரு சனிக்கிழமை நானே வந்து பதிவு எழுதுகிறேன், மூச்சு இருக்கும்வரை.

நண்பர்களே, வீட்டுக்குப் போனதும் பரண் மேல் பாருங்கள். குரூப் போட்டோ கிடைத்தால் பின்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் இறங்கும். இன்னும் பத்து வருஷம் போனால் மூன்றாவது வரிசையில் இடமிருந்து நான்காவது ஆள் யார் என்று சொல்ல ஆள் இருக்காது. பிள்ளைகள் கொடுக்கட்டும் என்று விடாதீர்கள். நீங்கள் இருக்கும்போதே கொண்டுவந்து கொடுங்கள்.

நான் இன்று ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். 1969 ஹாஸ்டல் தின போட்டோ. பின்னால் 27 பெயர் எழுதியிருக்கிறேன். இரண்டு பேர் தெரியவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் சுற்றுக்கு விடுகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சாம்பார் மட்டும் பட வேண்டாம். நடு வரிசையில், கையில் எதையோ மடித்து வைத்துக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் 'நோட்டீஸ்'.