தாகத்துக்கு முன்பே தண்ணீர்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் சுட்டு எடுக்கிறார்கள். உள்ளே சூளையின் அனல். வெளியே சித்திரை வெயில். நடுவில் நின்று வேலை பார்ப்பவருக்கு வியர்வை கொட்டும்.

அவர் எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும்? தாகம் எடுக்கும்போதா? இல்லை, அதற்கு முன்பே. தாகம் தாமதமாகத்தான் வரும். நாக்கு வறளும்போது உடம்பு ஏற்கெனவே நீரை இழந்திருக்கும். அதனால் தாகத்துக்கு முன்பே, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெயிலில் மைதானத்தில் ஆடும் பிள்ளைகளுக்கும் இதேதான்.

வியர்வையோடு உப்பும் போகிறது. மணிக்கணக்கில் வியர்த்தால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. நீராகாரமும் நல்லது. கடையில் விற்கும் கலர் பானங்களைவிட, தூக்குவாளியில் கொண்டுபோகும் நீராகாரத்தையே நான் சொல்வேன்.

குடித்தது போதுமா? சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் இன்னும் குடிக்க வேண்டும். தலை சுற்றினால் உடனே வேலையை நிறுத்தி நிழலுக்கு வந்துவிடுங்கள்.

ரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் தண்ணீரும் உப்பும் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.