தந்தைக்குத் தரும் கருவி



முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கணக்குப் பயின்ற மாணவர் ஒருவர் சென்ற தைத் திங்களில் என் இல்லம் தேடி வந்தார். அவர் இப்போது கோவையில் கணக்கராகப் பணியாற்றுகிறார். "ஐயா, என் தந்தைக்கு மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்று புதிதாக வாங்கித் தர விரும்புகிறேன். கடையில் இருப்பவற்றுள் ஆற்றல் மிக்கது எதுவோ, அதையே வாங்கலாமா?" என்று கேட்டார்.

கணக்கொன்று தீர்க்கப் புகும்போது கொடுக்கப்பட்டவை எவை, காண வேண்டியது எது என்று முதலில் பிரித்து எழுதச் சொல்வது என் வழக்கம். அன்றும் அவ்வாறே செய்யச் சொன்னேன்.

கொடுக்கப்பட்டவை இவை. தந்தைக்கு வயது எழுபது. பேராவூரணிக்கு அருகில் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல், அத்தோப்பில் பாதிக்கு மேல் சாய்த்துவிட்டது. சாய்ந்த மரங்களை அப்படியே கிடக்க விடலாகாது. மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பெருகிய வண்டுகள் புதிதாய் நட்ட கன்றுகளின் குருத்தைத் துளைக்கும். ஆதலால் தந்தையார் பழைய பெட்ரோல் ரம்பம் ஒன்றை விலைக்கு வாங்கி, தம் கையாலேயே மரங்களைத் துண்டுபோட்டு அகற்றினார். அன்று தொட்டு, பட்டமரம் அறுப்பதும் விறகு துண்டுபோடுவதும் அவருடைய வேலையாகவே இருந்து வருகின்றன.

"இன்னும் ஏதேனும் உண்டா?" என்று கேட்டேன். மாணவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "மார்கழிக் காலையில் அப்பாவால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, ஐயா. விரல்கள் மரத்துப் போகின்றன என்றார். நான் பார்ப்பதை அறிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்" என்றார்.

நண்பர்களே, கணக்கின் உயிர்நாடி அங்கேதான் இருந்தது. ஆற்றல் மிக்க ரம்பத்தை வாங்கிக் கொடுத்தால் அந்த விரல்கள் என்னாகும்? ரம்பமே வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டால் அந்த மனம் என்னாகும்? தீர்வு காணுமுன் அந்தக் கருவியை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

சங்கிலி ரம்பம் முதலில் காட்டில் பிறந்ததன்று என்றால் வியப்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர்களான ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகிய இருவரும், எலும்பை அறுப்பதற்குப் பல்வைத்த சிறு சங்கிலியைக் கையாண்டனர். இருபுறமும் பிடித்துக் கையால் இழுக்கும் கருவி அது. மரம் அறுக்க மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தை 1926இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்னும் பொறியாளர் உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 48 கிலோ. இருவர் சேர்ந்தே தூக்க வேண்டும். இன்று ஐந்து கிலோவுக்குள் அடங்கும் கருவிகள் ஒருவர் கையில் இயங்குகின்றன.

அதன் பற்களுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் வண்டுப் புழு ஒன்றை உற்று நோக்கினார். அது தன் வாயின் இரு தாடைகளையும் இடவலமாக அசைத்து மரத்தைச் சீவிக்கொண்டே சென்றது. அவ்வாறே இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் மாறி மாறி அமைந்த சங்கிலியை 1947இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய சங்கிலிகளும் பெரும்பாலும் அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. மரத்தை அறுக்கும் வழியை ஒரு வண்டின் புழு காட்டியது. எங்கள் பக்கத்துத் தோப்புகளில் மரத்தை அறுத்தாக வேண்டிய தேவையை மற்றொரு வண்டு உண்டாக்கியது!

இனி, அதன் அபாயங்களைக் காண்போம். பெட்ரோல் ரம்பத்தின் சங்கிலி முழு வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடும். சங்கிலி ஓடும் நீண்ட தகட்டின் நுனியில், மேற்கால் பகுதி மரத்தில் பட்டுவிட்டால், நியூட்டனின் மூன்றாம் விதி உடனே செயற்படும். பற்கள் மரத்தை முன்னும் கீழும் தள்ள, தகடு மேலெழும்பி, பிடித்திருப்பவரை நோக்கிப் பாயும். கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும் இந்தப் பின்னுதைப்புக்கு இளைஞரென்றும் முதியவரென்றும் வேறுபாடில்லை. இதற்காகவே முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு காப்பும், அதனோடு இணைந்த பிரேக்கும் அமைந்துள்ளன. தந்தையாரின் பழைய ரம்பத்தில் அந்தப் பிரேக் பழுதாகி நெடுநாளாயிற்றாம்.

அடுத்தது அதிர்வு. ஆண்டுக்கணக்கில் அதிரும் கருவியைப் பற்றியிருந்தால் விரல்களின் நரம்பும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடும். முதலில் விரல் மரத்துப்போகும். குளிர் நாளில் நுனி வெளுக்கும். பின்னர்ப் பொத்தான் போடுவதுகூட அரிதாகும். பொறுத்துக்கொண்டால் தானே போய்விடும் நோயன்று இது. எனவே, "தம்பி, கடைக்குப் போகுமுன் மருத்துவரிடம் போ. இரண்டு இடத்துக்கும் அப்பாவை உடன் அழைத்துச் செல்" என்றேன். மருத்துவர், அதிரும் பழைய கருவியை இனித் தொடலாகாது என்றும், இலேசான வேலையை இடைவிட்டுச் செய்யலாம் என்றும் கூறினார். நீண்ட வற்புறுத்தலுக்குப் பின்னரே தந்தையார் கடைக்கு வர இசைந்தார். நானும் உடன் சென்றேன்.

கடைக்காரர் மூன்று கருவிகளை மேசைமேல் வைத்தார். பெரியவர் நேராக மிகப் பெரியதை எடுத்தார். அதைத் தோள் மட்டத்திற்குக் கீழே பிடித்தபடி சிறிது நேரம் நின்றார். கைகள் நடுங்கத் தொடங்கின. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, பதினான்கு அங்குலத் தகடு கொண்ட பேட்டரி ரம்பத்தை எடுத்தார். அதில் கயிற்றை வெடுக்கென்று இழுத்துக் கிளப்பும் வேலையில்லை, புகையில்லை, எண்ணெய் கலந்த பெட்ரோலைச் சுமந்து திரிய வேண்டியதில்லை, ஓசையும் அதிர்வும் குறைவு. "இது என் கைக்கு அடங்குகிறது" என்றார்.

"கடின மரமானால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடுமே, ஐயா?" என்று மகன் என் காதில் மெதுவாகக் கேட்டார். "தீரட்டும். அது தீரும்போது உன் தந்தையும் நிழலில் அமர்வார்" என்றேன். எழுபது வயதில் இது குறையன்று, நன்மை.

எனினும் ஓசை குறைந்ததால் அபாயம் குறைந்ததென்று எண்ணிவிடக் கூடாது. பேட்டரியில் ஓடும் பல்லும் தசையை அறுக்கும் பல்லே. ஆகவே மகன் ரம்பத்தோடு தலைக்கவசம், கண்ணாடி, செவிக்காப்பு, காலுறை ஆகியவற்றையும் வாங்கினார். அக்காலுறையினுள் இருக்கும் நீண்ட இழைகள், சங்கிலி பட்டவுடன் அதில் சிக்கி ஓட்டத்தை நிறுத்த முயலும். பெரியவரும் மூன்று வாக்குறுதிகள் தந்தார். நிற்கும் மரத்தைப் பழகிய தொழிலாளரே வெட்டுவர். தரையில் கிடப்பதை மட்டும் தாம் அறுப்பார். தோளுக்கு மேலே ரம்பத்தை உயர்த்த மாட்டார். துணைக்கு ஆளில்லாமல் அதை இயக்க மாட்டார்.

பரிசு அதோடு முடிந்துவிடவில்லை. தென்னையின் புறத்தண்டு மிகக் கடினமானது; சங்கிலியின் கூர் விரைவில் மழுங்கும். செதிலாக விழ வேண்டியது மாவாக விழுந்தால் கூர் போய்விட்டதென்று பொருள். மழுங்கிய ரம்பத்தை மனிதன் தன் வலுவால் அழுத்துகிறான். விபத்துக்கு அதுவே வழி. உருண்டை அரத்தைக் கொண்டு, ஒவ்வொரு பல்லையும் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கையில் அராவ வேண்டும். மரத்துப்போன விரல்களுக்கு அந்த நுண்ணிய வேலை இயலாது. மாணவர் அதைக் கடைக்காரரிடம் கற்றுக்கொண்டார். அன்று முதல் திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று கோவையிலிருந்து ஊருக்கு வருகிறார். திண்ணையில் அமர்ந்து அரத்தால் அராவுகிறார். தந்தை அருகில் அமர்ந்து, "இந்தப் பல்லுக்கு ஒரு இழுப்புக் குறைந்துவிட்டது" என்று எண்ணிச் சொல்கிறார். அதற்குமுன் அவர் ஊருக்கு வந்தது ஆண்டுக்கு இருமுறைதான்.

மாணவ நண்பர்களே, நீங்களும் ஒருநாள் பொருளீட்டுவீர்கள். பெற்றோருக்குப் பரிசு வாங்குவீர்கள். அப்போது விலைச்சீட்டைப் பார்க்குமுன் அவர்களுடைய கைகளைப் பாருங்கள். நீங்களே முடிவு செய்துவிடாமல், அவர்களைக் கேளுங்கள். அந்தப் பொருளைப் பேணும் பொறுப்பில் ஒரு பங்கை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.