ஆறாத புண்ணுக்கு ஜெல் வாங்கலாமா?
(மருத்துவ உதவிக் குழுவின் உரையிலிருந்து)



சர்க்கரை நோயால் கால்விரல் எடுத்த வீடுகளிலிருந்து எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி: "வாப்பாவுக்கு டாக்டர் விலை கூடின ஜெல் எழுதியிருக்காங்க, வாங்கலாமா?"

காயம் பட்டதும் இரத்தத் தட்டணுக்கள் சில புரதங்களை வெளியிடுகின்றன. புதிய சதையையும் இரத்தக் குழாயையும் வளரத் தூண்டுபவை அவையே. அவற்றைத்தான் வளர்ச்சிக் காரணி என்கிறோம். ஊசியில் ஏற்றினால் விரைவில் சிதைந்துவிடும். புண்ணிலேயே தங்க வேண்டும். அதனால்தான் ஜெல்லிலோ பஞ்சிலோ சேர்த்துத் தருகிறார்கள்.

1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெகாப்ளெர்மின் ஜெல்லை நாளுக்கு ஒரு முறை மெல்லியதாகத் தடவி, 12 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். அள்ளிப் பூசினால் சீக்கிரம் ஆறிவிடாது. 'பன்றியிலிருந்தா?' என்று கேட்பவர்களுக்கு: அந்தப் புரதம் ஈஸ்டில் தயாராவது. 2002-இல் முதுகெலும்பு அறுவைக்கு அனுமதி பெற்ற எலும்புப் புரதத்தைத் தாங்கும் பஞ்சு, மாட்டுக் கொலாஜன். அதையே கழுத்தெலும்பில் வைத்தபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. 2008-இல் அமெரிக்க அரசு எச்சரித்தது. இடமும் அளவும் தப்பக் கூடாது.

காலில் இரத்த ஓட்டம் இல்லாமல், செத்த சதையை அகற்றாமல், சர்க்கரையை அடக்காமல், புண்ணை ஊன்றி நடந்துகொண்டு ஜெல் தடவினால் காசுதான் கரையும். நகையை அடகு வைக்குமுன் இந்த நான்கையும் டாக்டரிடம் கேளுங்கள். இரத்த ஓட்டப் பரிசோதனைச் செலவுக்கு மருத்துவச் சீட்டுடன் எங்களிடம் வாருங்கள்.