அலமாரி மேல் கிடந்த ஓவியம்



1847-இல் 'ஜேன் அயர்' நாவலை சார்லட் பிரான்ட்டே வெளியிட்டது கரர் பெல் என்ற புனைபெயரில். ஆங்கிலத்தில் இரண்டு பெயருக்கும் இனிஷியல் சி.பி.தான்! (வங்கியில் கையெழுத்துச் சரிபார்த்தே காலம் தள்ளியவன் கண்ணில் அதுதான் முதலில் படும்.)

ஜார்ஜ் ரிச்மண்ட் 1850-இல் சாக்கில் வரைந்த அவருடைய படம் அழகு. ஆனால் எனக்குப் பிடித்தது, 1834 வாக்கில் தம்பி பிரான்வெல் தன் மூன்று சகோதரிகளையும் வரைந்த ஓவியம். நடுவே தன்னையும் வரைந்திருந்தார். அந்த உருவத்தின் மேல் பிறகு ஒரு தூண் தீட்டப்பட்டுவிட்டது.

1848-49-இல் எட்டே மாதத்தில் பிரான்வெல், எமிலி, ஆன் மூவரும் போய்விட்டார்கள். 1855-இல் சார்லட்டும்; வயது 38. ஓவியம் அவர் கணவரோடு அயர்லாந்து போய், மடித்தபடி அலமாரி மேல் கிடந்தது. 1914-இல் கண்டெடுத்தவர் கணவரின் இரண்டாம் மனைவி.

இப்போது லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கிறது, மடிப்புக் கோடுகளோடு. இணையத்தில் திறந்து அந்தத் தூணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வண்ணம் மெலிந்து, உள்ளே தம்பி மங்கலாகத் தெரிவார்.