போர்வெல்லும் நுண்ணுயிரும்: பணம் போடுமுன் ஒரு வார்த்தை

(நம் சங்கப் பொதுக்குழுவில் பேசியது)



நான் படித்தது பி.காம்., வேலை பார்த்தது வங்கி கவுண்டரில். நுண்ணுயிர்ப் பொடி போட்டால் போர்வெல் தண்ணீரில் உள்ள உலோகமெல்லாம் போய்விடும் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது. அதைப் பற்றிப் படித்ததைச் சொல்கிறேன்.

விஷயத்தில் உண்மை இருக்கிறது. நமக்கு மேற்கே ராணிப்பேட்டையில், தோல் பதனிட உதவும் குரோமிய உப்புகளைத் தயாரித்த 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழையில் குரோமியம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது.

ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மூன்று இணைதிறன் குரோமியம் பெரும்பாலும் கரையாமல் மண்ணில் தங்கும், நச்சும் குறைவு. சில பாக்டீரியாக்கள் முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றுகின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் அந்த ராணிப்பேட்டை மண்ணிலிருந்தே இத்தகைய பாக்டீரியாக்களை எடுத்து, சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸை உணவாகக் கொடுத்துச் சோதித்தார்கள்.

ஆனால் உலோகம் அழிவதில்லை. புழக்கத்தில் இருந்த பணத்தை லாக்கரில் பூட்டுவது போலத்தான். மண்ணில் மாங்கனீஸ் ஆக்சைடு இருந்தால் பூட்டு மறுபடி திறக்கவும் கூடும். அதனால் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். மேலே கழிவை அப்படியே விட்டுவிட்டுக் கீழே சுத்தம் செய்வது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்பும் கதை.

இதை நம் போர்வெல்லில் செய்யலாமா? கூடாது. எந்த உலோகம், எவ்வளவு என்றே நமக்குத் தெரியாது. குடிக்கிற கிணற்றில் பாக்டீரியாவையும் பாகையும் கொட்டினால் தண்ணீர் நாறும். மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும்.

நாம் இதுவரை பார்த்தது டி.டி.எஸ்., கடினத்தன்மை இரண்டும்தான். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைக் காட்டும். அதில் குரோமியமோ ஈயமோ எவ்வளவு என்று காட்டாது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமையும், ஈயம் 0.01 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அந்த அளவில் நிறமும் தெரியாது, ருசியும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது.

நம் ஊர் பட்டு ஊர். சாயங்களில் சில வகைகளில் உலோகம் உண்டு. அதற்காகச் சாயப்பட்டறைக்காரரைக் கைகாட்ட வேண்டாம். கணக்குப் பார்க்காமல் யார் மீதும் பற்று எழுதக் கூடாது.

என் வேண்டுகோள் இதுதான். பொடிக்குக் கேட்கும் பணத்தில், உலோகச் சோதனை வசதியுள்ள ஆய்வகத்தில் மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை நீரைச் சோதிப்போம். முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். அளவு மீறியிருந்தால் அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுப்பதை அன்றே நிறுத்திவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுவோம். ஆதரவு தாருங்கள்.