வீட்டையும் ஊரையும் சுமந்தவர்: அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ்





சென்ற தவணையில் நமது தீவிலுள்ள பாடசாலையொன்றில் பரிசளிப்பு விழா நடைபெற்றது. எனது மகனுக்கும் அதில் ஒரு பரிசு கிடைக்கவிருந்தது. அதே மாலையில் நமது மஹல்லாவிலும் ஒரு கூட்டம். நான் கூட்டத்திற்கே சென்றேன். கூட்டம் முடிந்து வீடு திரும்பியபோது பிள்ளை உறங்கிவிட்டான். பரிசுப் புத்தகம் மேசைமீது கிடந்தது. மறுநாள் காலையில் அவன் சொன்னது ஒரேயொரு வார்த்தைதான். "உங்கட கதிரை சும்மா கிடந்திச்சு வாப்பா." நான் சென்றிருந்த கூட்டத்தின் பொருள் என்னவென்றும் சொல்லிவிடுகின்றேன்: பிள்ளைகளின் கல்வியில் பெற்றாரின் பங்கு!

பொறுப்பைப் பற்றிய புகழ்பெற்ற நபிமொழியொன்றை நாம் அனைவரும் அறிவோம். மக்களை ஆள்பவரும் குடும்பத்தைப் பராமரிக்கும் ஆணும் இல்லத்தைப் பேணும் பெண்ணும் அதில் ஒரே வரிசையில் வைத்துப் பேசப்படுகின்றனர். ஊர்ப்பொறுப்பை ஏற்றவருக்கு வீட்டுப்பொறுப்பில் கழிவு உண்டு என்று அங்கே சொல்லப்படவில்லை. அண்ணலார் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது வீட்டு வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்தால் எழுந்து செல்வார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒரு முழுச் சமுதாயத்தையும் தோளில் சுமந்த தலைவரின் இல்லம் அவ்வாறிருந்தது.

இந்தச் சிந்தனையோடு நம் வடபுலத்தில் பிறந்த ஒருவரின் வாழ்வை இன்று நினைவுகூர விரும்புகின்றேன். அவர் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ். நமது இளைஞர்களில் எத்தனை பேர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்களோ தெரியாது.

1911ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அவர் பிறந்தார். தந்தையார் எஸ்.எம். அபூபக்கர் ஒரு சட்டத்தரணி. காதியாராகவும் யாழ்ப்பாண நகரசபை உறுப்பினராகவும் கடமையாற்றியவர். வழக்கோடும் பிணக்கோடும் ஊரார் வந்துபோகும் வீடு அது. அத்தகைய வீடுகளில் பிள்ளைகள் பல வேளைகளில் வாசலில் கழற்றிவைத்த செருப்புகளையே எண்ணிக்கொண்டிருப்பார்கள். வாப்பாவின் முகத்தைக் காண்பது அரிது. ஆனால் அந்தத் தந்தை மகனின் படிப்பை மறந்துவிடவில்லை. வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் பின்னர் யாழ். இந்துக் கல்லூரியிலும் அவரைச் சேர்த்தார். முஸ்லிம் வீடுகள் பல ஆங்கிலக் கல்வியை ஐயத்தோடு நோக்கிய காலம் அது. நல்ல கல்வி எங்கே கிடைக்கின்றதோ அங்கே பிள்ளையை அனுப்பினார் அந்த நகரசபை உறுப்பினர். பிள்ளை மார்க்கத்தையும் இழக்கவில்லை, தமிழையும் இழக்கவில்லை. பிற்காலத்தில் அஸீஸ் எழுதிய தமிழுக்கு வித்து அந்த இரண்டு பாடசாலைகளிலும் இடப்பட்டதே.

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு பயின்று 1933இல் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜ் சென்றார். 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்தார். அச்சேவையில் இடம்பெற்ற முதலாவது முஸ்லிம் அவரே.

1942இல் அவர் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆண்டு மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. நாட்டுக்குச் சோறு வேண்டும். கிழக்கிலே நிலம் இருக்கின்றது. அவசரகால உதவி அரசாங்க அதிபராக அவர் சென்றது நெல் உற்பத்தியைப் பெருக்குவதற்காக. கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி வயல் செய்யும் நமது விவசாயிகளுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. காட்டை வெட்டுவது, வரம்பு கட்டுவது, விதைநெல் கொடுப்பது, ஏழை உழவனுக்குக் காணி கிடைக்கச் செய்வது ஆகியவையே அப்பதவியின் வேலை. கதிரையிலிருந்து கையொப்பமிட்டால் முடிகின்ற காரியமல்ல.

நெல்லுக்காகச் சென்றவரின் கண்ணில் பிள்ளைகள் பட்டார்கள். பாடசாலைக்குப் போகவேண்டிய வயதில் வயலுக்குப் போகும் பிள்ளைகள். எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் கெட்டிக்காரப் பையன்கள். அரசாங்கம் அவரிடம் கேட்டது நெல்லின் கணக்கைத்தான். அவர் அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அந்த அனுபவமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியமாக விரிந்தது. திறமையுள்ள பிள்ளையின் படிப்பு வறுமையால் நின்றுவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். தனித்தனியாக நாம் கொடுக்கும் சில்லறைத் தர்மங்களை ஒன்றுதிரட்டினால் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம்வரை போகலாம் என்ற கணக்கை அவர் நமக்குப் போட்டுக் காட்டினார். நமது ஊர்களில் கந்தூரிக்கும் கல்யாணச் சோடனைக்கும் செலவாகும் தொகையை நினைக்கும்போது எனக்கு இந்தக் கணக்கு அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு.

இனி 1948ஆம் ஆண்டு. கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக நீண்டகாலம் பணியாற்றிய டி.பி. ஜாயா அவர்கள் 1947இல் சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் இடம்பெற்றிருந்தார். கல்லூரியைப் பொறுப்பேற்க ஆள் தேவைப்பட்டது. அஸீஸுக்கு அப்போது வயது 37ஐயும் தொடவில்லை. சிவில் சேவையில் எத்தனையோ படிகள் ஏறவேண்டியிருந்தது. ஓய்வூதியம் உறுதி, ஊர் எழுந்து நின்று மரியாதை செய்யும் பதவி. அதனைத் துறந்து பாடசாலை அதிபரானார்.

இதனைத் தியாகம் என்று மேடையில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர் தனியாளல்லர். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடைய குடும்பஸ்தர். இன்று நம்மில் ஒருவர் அரசாங்கத்தின் பெரிய பதவியை விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போகின்றேன் என்று வீட்டிலே சொன்னால் என்ன நடக்கும்? மாமனார் வருவார், மச்சான் வருவார், உம்மா அழுவார். அந்த வீடு அவரோடு நின்றது. ஊர்ப்பணியின் புகழ் ஒருவருக்கே போய்ச் சேர்கின்றது. அதன் விலையை வீட்டார் எல்லோரும் பகிர்ந்து செலுத்துகின்றனர். இவ்வாறான மனிதர்களைப் பாராட்டும்போது அந்தத் துணைவியரையும் நாம் நினைக்க வேண்டாமா?

1961வரை அவர் ஸாஹிராவை நடத்தினார். அங்கே முஸ்லிம் மாணவர்கள் மட்டும் வளர்ந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி அக்கல்லூரியிலேயே கற்றார், அங்கேயே கற்பித்தார். இந்துக் கல்லூரியில் படித்த முஸ்லிம் பிள்ளை வளர்ந்து அதிபரானபோது, முஸ்லிம் கல்லூரியில் இந்துப் பிள்ளைக்கு இடமிருந்தது. 1952 முதல் செனட் சபையிலும் அமர்ந்தார். இவற்றுக்கிடையே எழுதவும் செய்தார். 'இலங்கையில் இஸ்லாம்', 'மிஸ்ரின் வசியம்', 'கிழக்காபிரிக்கக் காட்சிகள்', 'தமிழ் யாத்திரை' ஆகிய நூல்கள் நமது நூலகங்களில் இருக்க வேண்டியவை.

அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் பிள்ளைகள் தந்தையின் எழுத்துகளைத் தேடித் தொகுத்துப் பேணி வந்தனர். வீட்டில் அந்நியராக வாழ்ந்த தந்தைக்கு எந்தப் பிள்ளை இதைச் செய்யும்?

நேயர்களே, நமது நிலைக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் நாம் இந்தத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டோம். எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களின் பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் வளர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்தது. திரும்பினோம், ஆனால் முழுமையாகத் திரும்பினோமா? தந்தை முசலியில் பற்றைக்காட்டை வெட்டிக் காணியைத் துப்புரவு செய்வார். தாயும் பிள்ளைகளும் புத்தளத்தில், பாடசாலை அங்கேதான் என்பதற்காக. இரண்டு அடுப்பு, இரண்டு செலவு, கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்துபோகும் வாப்பா. ஊரை மீட்க வந்தவர் வீட்டை இழந்துவிடுவாரோ என்ற அச்சம் எனக்குண்டு. இதற்கு நான் அத்தந்தையரைக் குறைகூற மாட்டேன். காணியை விட்டால் ஊர் போய்விடும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து இடையில் எடுத்தால் படிப்பு போய்விடும். ஆனால் தொலைபேசியில் பேசும்போது "காசு வந்ததா?" என்பதோடு நிறுத்திவிடாமல், "இன்று என்ன பாடம் நடந்தது மகன்?" என்றும் கேட்கலாம். பத்து நிமிடம் போதும். ஊரிலே நல்ல ஆசிரியரும் விஞ்ஞானகூடமும் வந்துவிட்டால் அந்த இரண்டாவது அடுப்பு தானாகவே அணையும். மஹல்லாத் தலைவர்கள் பள்ளிவாசல் சுவருக்கு நிறம் பூசுவதற்கு முன்னர் இதனை யோசிக்கட்டும்.

இளைஞர்களே, உங்கள் வாப்பா கூட்டத்திற்குப் போகின்றார் என்று கோபித்திருந்தால், ஒருநாள் அவரோடு நீங்களும் போய் அமருங்கள். அவர் யாருக்காகப் பேசுகின்றார் என்பதைக் கேளுங்கள்.

அறிஞர் அஸீஸ் 1973 நவம்பர் 24ஆம் திகதி தமது 62ஆவது வயதில் இறையடி சேர்ந்தார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கிய கலாநிதிப் பட்டத்தை, மறைவுக்குப் பின்னரான கௌரவமாக வழங்கிற்று. அதன் பின்னர் பத்தே ஆண்டுகளில், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, அவர் பிறந்த நகரின் முஸ்லிம் வட்டாரம் சில மணி நேரத்தில் வெறுமையாக்கப்பட்டது. அந்தப் பட்டமும் அந்த வெறுமையும் ஒரே நகரில் நிகழ்ந்தவை. இரண்டையும் நமது பிள்ளைகள் அறிந்திருக்கட்டும்.

வரும் வியாழக்கிழமை எனது மகனின் வகுப்பில் பெற்றார் கூட்டம், பிற்பகல் 2 மணிக்கு. அன்று மஹல்லாவிலும் ஒரு கூட்டம் உண்டு. அதனை மஃரிபுக்குப் பின் வைக்குமாறு கேட்டிருக்கின்றேன். கதிரை காலியாக இராது, இன்ஷா அல்லாஹ்.